வலிப்பு உள்ள பிள்ளைக்குப் பாடம் ஏன் மறந்துபோகிறது?

என் அக்கா மகள் மூன்றாம் வகுப்பில் எழுதிய டிக்டேஷன் நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். டீச்சர் சொன்னது இரண்டு வாக்கியம்: ‘குளத்தில் தாமரை பூத்தது. அதன் இலைமேல் தண்ணீர் ஒட்டுவதில்லை.’ அவள் எழுதியிருப்பது ‘குளத்தில் தாமரை பூ’. அந்தப் ‘பூ’வின் நுனியிலிருந்து பென்சில் கோடு ஒன்று மெலிதாகக் கீழே இறங்கி, அடுத்த வரியைத் தொட்டு நிற்கிறது. அதற்கப்புறம் ‘ஒட்டுவதில்லை’. நடுவில் எதுவும் இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ‘கவனம் போதாது’ என்று எழுதியிருக்கிறது.

நாங்களும் அவளை அப்படித்தான் திட்டினோம். மாலை நேரத்தில் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள் நான். எனக்கே புரியவில்லை. ‘இப்பதானே சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டியா?’ என்று எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. பல மாதங்கள் கழித்துத்தான் அது வலிப்பு என்று தெரிந்தது. கை கால் உதறவில்லை, நுரை தள்ளவில்லை, அவள் கீழே விழவும் இல்லை. இப்படியும் வலிப்பு வரும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன்.

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின் சமிக்ஞைகள் மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது பேசும். அந்த ஒழுங்கு குலைந்து, பெருங்கூட்டமாக அணுக்கள் ஒரே நேரத்தில் ஒரே தாளத்தில் சமிக்ஞை அனுப்பத் தொடங்கினால் அதுதான் வலிப்பு. மூளையில் எந்த இடத்தில் நடக்கிறதோ அதற்கேற்ப வெளியே தெரிவதும் மாறும். கையை அசைக்கும் பகுதியில் நடந்தால் கை வெட்டி இழுக்கும். வேறிடத்தில் நடந்தால் பிள்ளை சப்புக்கொட்டும், சட்டையை நிமிண்டிக்கொண்டே இருக்கும், அல்லது சும்மா வெறித்துப் பார்க்கும். வெளிக்காரணம் ஏதும் இல்லாமல் இது திரும்பத் திரும்ப வந்தால் வலிப்பு நோய் என்கிறார்கள். உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருப்பதாகவும், சரியாகக் கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. காத்து கருப்பு எதுவும் இதில் கிடையாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் தொற்றாது.

காய்ச்சல் வரும்போது மட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு வரும் வலிப்பு வேறு. 6 மாதத்திலிருந்து 5 வயது வரை பல பிள்ளைகளுக்கு அது வந்து போகும். சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு அறிவையோ ஞாபகத்தையோ கெடுப்பதில்லை. அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

சரி, ஞாபகத்துக்கு வருவோம். ‘மறதி’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வலிப்பு உள்ள பிள்ளையின் மறதியைப் புரிந்துகொள்ள அந்த ஒரு சொல் போதாது. நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். காயவைக்க வேண்டும், ஈரத்தோடு பத்தாயத்தில் கொட்டினால் வீணாகிவிடும். அப்புறம், வேண்டும்போது பத்தாயத்தைத் திறந்து எடுக்கத் தெரிய வேண்டும். ‘வீட்டில் நெல் இல்லை’ என்றால் இந்த மூன்றில் எங்கே தவறியது என்று பார்க்க வேண்டும் அல்லவா? ஞாபகமும் அப்படித்தான். பாடம் உள்ளே வராமலே போயிருக்கலாம். வந்தும் நிலைக்காமல் போயிருக்கலாம். நிலைத்திருந்தும் பரீட்சை நேரத்தில் கைக்கு எட்டாமல் இருக்கலாம். வெளியே பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்: பிள்ளை விழிக்கிறது. ஆனால் மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

உள்ளே வராமலே போவது

என் அக்கா மகளுக்கு இருந்தது ஆப்சென்ஸ் வலிப்பு. பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும். விளையாடிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும் பிள்ளை திடீரென்று அப்படியே நின்றுவிடும். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், இமை லேசாகத் துடிக்கலாம். கூப்பிட்டால் பதில் வராது. பத்துப் பதினைந்து விநாடிதான். அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுவில் ஒரு துண்டு காணாமல் போனது பிள்ளைக்கே தெரியாது. ஒரு நாளில் பத்துத் தடவையும் வரும், ஐம்பது தடவையும் வரும்.

மருத்துவர் இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மறக்காது. ஒரு காகிதக் காற்றாடியை அவள் கையில் கொடுத்து, ‘நிறுத்தாமல் ஊதிக்கிட்டே இரு கண்ணு’ என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. காற்றாடி சுற்றுவது நின்றது. அவள் உதடு குவிந்தபடியே இருக்க, கண் மட்டும் எங்கோ போய்விட்டது. மருத்துவர் மெதுவாக ‘யானை’ என்றார். அவள் மீண்டு வந்ததும், ‘நான் என்ன சொன்னேன்?’ என்று கேட்டார். ‘ஊதச் சொன்னீங்க’ என்றாள். ‘யானை’ அவளுக்குள் போகவே இல்லை. வேகமாக மூச்சை இழுத்து விட்டால் இந்த வகை வலிப்பு கிளம்பும் என்பதால்தான் ஊதச் சொல்கிறார்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுத்தால், விநாடிக்கு மூன்று என்ற கணக்கில் முள்ளும் அலையுமாக ஒரே சீராக வரும் கோடுகளைப் பார்க்கலாம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 10 விநாடி வீதம் 40 தடவை என்றால் மொத்தம் 400 விநாடி, ஏழு நிமிடத்துக்கும் குறைவு. ‘ஒரு நாளில் ஏழு நிமிடம்தானே’ என்று தோன்றும். ஆனால் போனது ஏழு நிமிடம் இல்லை, பாடம் நாற்பது இடத்தில் அறுந்திருக்கிறது. வகுத்தல் கணக்கில் ‘அடுத்த எண்ணைக் கீழே இறக்கு’ என்று டீச்சர் சொன்ன அந்த ஒரு நொடியில் பிள்ளை இல்லாவிட்டால், மிச்சக் கணக்கு முழுவதும் புரியாது. மறந்துவிட்டாள் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த எதையும் அவள் மறக்கவில்லை. அவள் காதுக்கு அது வந்தே சேரவில்லை. வராத நெல்லைப் பத்தாயத்தில் தேடினோம்.

வலிப்பு என்று வெளியே தெரியாதபோதும் இது நடக்கலாம். ஒன்றிரண்டு விநாடி மட்டும் மூளையில் மின் அதிர்வு எழுந்து அடங்கும். பிள்ளை பேசிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் அதன் வேகம் குறையும். இதுபோக, வலிப்பு உள்ள பிள்ளைகளிடம் கவனக்குறைபாடும் மற்ற பிள்ளைகளைவிட அதிகமாகக் காணப்படுகிறது. மருந்தால் வலிப்பு நின்ற பிறகும் சிலரிடம் அது தொடர்கிறது. மூன்று வேலையை ஒரே மூச்சில் சொன்னால் (‘நோட்டை எடு, இருபதாம் பக்கம் திருப்பு, தேதி போடு’) முதல் வேலையோடு நின்றுவிடும் பிள்ளைக்கு, கேட்டதைச் சில விநாடி மனதில் பிடித்துவைக்கும் திறன் குறைவாக இருக்கலாம். அடம் என்று முடிவுகட்டாதீர்கள்.

வந்தும் நிலைக்காதது

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் பக்கவாட்டில் டெம்போரல் மடல் என்ற பகுதி இருக்கிறது. அதன் உட்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, வளைந்த சின்ன உறுப்பு ஒன்று உண்டு. கடல்குதிரை போல இருப்பதால் ஹிப்போகாம்பஸ் என்று பெயர். புதிதாக நடந்ததையும் படித்ததையும் நிலையான ஞாபகமாக மாற்றுவதில் பெரும்பங்கு இதனுடையது. வலிப்பு அதிகமாகக் கிளம்பும் இடங்களில் ஒன்றும் இதுவேதான். வலிப்பும் ஞாபகக் குறைவும் இவ்வளவு நெருக்கமாக வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இந்த உறுப்பின் வேலை உலகத்துக்குத் தெளிவாகத் தெரிந்ததே வலிப்பு நோயாளி ஒருவரால்தான். அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசனுக்குச் சிறுவயதிலேயே வலிப்பு தொடங்கியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 1953-இல், அவருடைய 27-ஆவது வயதில், அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் அவருடைய மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008-இல் இறக்கும்வரை அவரால் புதிதாக ஒரு நிகழ்ச்சியைக்கூட மனதில் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. பல ஆண்டுகள் அவரைப் பரிசோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னரை ஒவ்வொரு முறையும் புதிய ஆளாகத்தான் பார்த்தார். ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தபோது நாளுக்கு நாள் கை தேறியது, முந்தின நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகம் இல்லாதபோதும். நிகழ்ச்சிகளின் ஞாபகம் ஒரு வழியில் போகிறது, கைப்பழக்கம் வேறு வழியில் போகிறது என்று அதில்தான் தெரிந்தது. அவர் ஞாபகத்தை இழந்தது அந்த அறுவையால், வலிப்பால் அல்ல. இன்று யாருக்கும் இரண்டு பக்கமும் அப்படி எடுப்பதில்லை. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பாட்டு மறந்துபோகும் பிள்ளை சைக்கிளை எப்படி ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறது என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். பதில் இதில் இருக்கிறது.

இப்போது காயவைக்கும் வேலை. அது பெரும்பாலும் ராத்திரியில் நடக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில், பகலில் வாங்கியதை ஹிப்போகாம்பஸ் திரும்ப ஓட்டிப் பார்த்து, மூளையின் மேற்பகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதியவைக்கிறது. பல வகை வலிப்பில் மின் அதிர்வுகள் தூக்கத்தில்தான் அதிகமாக எழுகின்றன. பிள்ளை நிம்மதியாகத் தூங்குவதுபோலத்தான் தெரியும், ஆனால் உள்ளே அந்த வேலை மறுபடி மறுபடி கலைகிறது. அரிதாகச் சில பிள்ளைகளுக்கு ஆழ்ந்த தூக்கம் முழுவதும் இந்த அதிர்வு நிற்காமல் ஓடும். அப்போது புதிய பாடம் ஏறாதது மட்டுமல்ல, பழகியிருந்ததும் கழன்றுபோகும். 1957-இல் லாண்டாவும் கிளெஃப்னரும் விவரித்த ஒரு நோயில், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பேச்சைப் புரிந்துகொள்வதே நின்றுபோகிறது. காது கேட்கவில்லையோ என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். தெரிந்த சொற்களைப் பிள்ளை இழந்துகொண்டே வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், தூக்கத்தில் இ.இ.ஜி. எடுக்க முடியுமா என்று உடனே கேளுங்கள்.

இன்னொன்று, என்னை அதிகம் குழப்பியது இதுதான். மருந்து தொடங்கி அவளுடைய வெறித்தல் நின்றுவிட்டது. மனப்பாடப் பாட்டு எட்டு வரியையும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாள். திங்கள் காலையிலும் சொன்னாள். அடுத்த ஞாயிறு கேட்டால் முதல் வரியைத் தாண்டவில்லை. மற்ற பிள்ளைகளும் மறப்பார்கள்தான், ஆனால் நாலைந்து வரியாவது மிஞ்சும். வலிப்பு உள்ள சில பிள்ளைகளுக்கு, அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் எல்லாரையும் போலவே ஞாபகம் இருக்கும், வாரக்கணக்கில் பார்த்தால் அளவுக்கு மீறி வேகமாகக் கரைந்துவிடும். மருத்துவமனையில் செய்யும் ஞாபகச் சோதனைகள் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் இது அவற்றில் பிடிபடாது. ‘டெஸ்ட்டில் எல்லாம் நார்மல்’ என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்: ‘இல்லைங்க டாக்டர், ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா இருக்கறதில்லை.’

இருந்தும் எட்டாதது

பதில் தெரியும், சொல் வராது. ‘அதான்… அந்த… தண்ணி இறைக்கறது’ என்று பிள்ளை தடவும். வலிப்பு வந்த அன்றோ மறுநாளோ இது அதிகமாக இருக்கும். பெரிய வலிப்புக்குப் பிறகு சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்வரைகூட மூளை மந்தமாக இருப்பது இயல்பு. ராத்திரித் தூக்கத்தில் வந்த வலிப்பு வீட்டில் யாருக்கும் தெரியாமலே போய், காலையில் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. தலையணையில் ரத்தக்கறை, நாக்கில் கடிபட்ட காயம், நனைந்த படுக்கை, காரணமில்லாத உடம்பு வலி இவற்றில் ஏதாவது இருந்தால் அன்று பரீட்சையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

சொல் தடுமாற்றத்துக்கு மருந்தும் காரணமாக இருக்கலாம். டோபிராமேட் இதில் பெயர்பெற்றது. பழைய மருந்தான ஃபினோபார்பிட்டால் விலை மலிவு, பல உயிர்களைக் காத்த மருந்து, ஆனால் பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்திலோ துறுதுறுப்பிலோ தள்ளி, கற்பதை மந்தமாக்கக்கூடியது. லெவெட்டிராசெட்டாம் ஞாபகத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை, ஆனால் சில பிள்ளைகள் எரிந்து எரிந்து விழுவார்கள். ஆப்சென்ஸ் வலிப்புக்கு எந்த மருந்து நல்லது என்று அமெரிக்காவில் 450-க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. வலிப்பை நிறுத்துவதில் எத்தோசக்ஸிமைடும் வால்புரோயேட்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. ஆனால் கவனத்தைக் கெடுப்பது எத்தோசக்ஸிமைடில் குறைவாக இருந்தது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்து படிப்பில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மருத்துவரிடம் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ‘மாத்திரைதான் மூளையை மந்தமாக்குது’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம். சில நிமிடத்தில் நிற்கும் வலிப்பு பொதுவாக மூளையைச் சேதப்படுத்துவதில்லை. அரை மணி நேரம், அதற்கு மேல் என்று நீளும் வலிப்புதான் ஹிப்போகாம்பஸைக் காயப்படுத்தக்கூடியது. அதனால்தான் 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்கு என்கிறார்கள். அதுவரை பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவி கொடுத்துப் பயனில்லை.

மருந்துக்கு அடங்காத வலிப்பு என்றால் அறுவைச் சிகிச்சை பற்றியும் பேச வேண்டியிருக்கும். டெல்லி எய்ம்ஸில் 18 வயதுக்கு உட்பட்ட 116 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. ஓராண்டு முடிவில், அறுவை செய்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 7 சதவீதம். பக்க விளைவுகளும் இருந்தன. எந்தப் பகுதியை எடுக்கிறார்கள், அதன் ஞாபக வேலையை வேறு பகுதி ஏற்றுக்கொள்ளுமா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

எல்லாப் பழியையும் வலிப்பின்மேல் போடவும் முடியாது. முதல் வலிப்பு வருவதற்கு முன்பே சில பிள்ளைகள் படிப்பில் தடுமாறியிருப்பார்கள். வலிப்பையும் மறதியையும் ஒரே காரணம் உண்டாக்கியிருக்கலாம். பயத்தாலும் மறக்கும். வகுப்பில் எல்லார் முன்னாலும் விழுந்த பிள்ளை, மறுபடி விழுவோமோ என்ற நினைப்பிலேயே உட்கார்ந்திருந்தால் பாடம் எங்கே ஏறும்? நிறையப் பிள்ளைகளுக்கு ஞாபகத்தில் குறையே இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கைகொடுத்தவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொன்னேன். சொன்னதை அவளையே திருப்பிச் சொல்லவைத்தேன். உள்ளே வந்ததா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும். பக்கத்தில் உட்காரும் தோழியின் நோட்டைத் தினமும் பார்த்து விட்டதை நிரப்பிக்கொண்டாள். பாட்டைப் பத்துத் தடவை வாசிக்கச் சொல்வதை விட்டுவிட்டு, புத்தகத்தை மூடிவைத்துக் கேட்டேன்: மறுநாள் ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து, அப்புறம் மாதம் ஒருமுறை. வேகமாகக் கரைகிற ஞாபகத்துக்கு இந்த இடைவெளிக் கேள்வி பழைய மனப்பாடத்தைவிட எவ்வளவோ மேல். ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுவோம், பரீட்சைக்கு முந்தின நாளும்கூட. தூக்கம் கெட்டால் வலிப்பும் வரும், படித்ததும் நிலைக்காது.

பள்ளியில் சொல்வதா வேண்டாமா என்று அக்கா பல மாதம் தவித்தாள். ‘பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம்’ என்ற பயம். அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக இருந்து, 1999-இல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். கடைசியில் வகுப்பு ஆசிரியையிடம் மட்டும் சொன்னோம். அவர் அவளை முன் பெஞ்சுக்கு மாற்றினார். அவள் கண் குத்திட்டு நின்றால் அந்த வாக்கியத்தை மட்டும் இன்னொரு முறை சொல்வார், மொத்த வகுப்புக்கும் சொல்வதுபோல. மற்ற பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. கற்றல் குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்பே விண்ணப்பியுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு பிள்ளையின் பள்ளி நோட்டுகளையும் எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் எந்தப் பாட்டு தெரிந்தது, எந்தத் தேதியில் போய்விட்டது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை வெறிப்பதைப் பார்த்தால் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மருத்துவர் அந்த டிக்டேஷன் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே இறங்கி நின்ற பென்சில் கோடுகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.